முன்னே நகர்த்திய மேல்தாடை ஏன் பின்வாங்குகிறது? உதடு, அண்ணப் பிளவு உள்ளவர்களுக்கான தாடை அறுவை சிகிச்சை: ஒரு விளக்கம்

உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, உடல் வளர்ச்சி முடியும் பருவத்தில், மேல்தாடையை முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல முறை மயக்க மருந்துக்கும் கத்திக்கும் உட்பட்டுவந்த ஒருவர், இதுவே கடைசி அறுவை என்ற நம்பிக்கையோடுதான் இதற்குச் சம்மதிக்கிறார். சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும், உள்வாங்கியிருந்த முகம் நிமிர்ந்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தபின், மேல் முன்பற்கள் மெல்லப் பின்னுக்குப் போய்க் கீழ்ப்பற்களை முட்டத் தொடங்குவதும் உண்டு. மருத்துவர் தவறு செய்துவிட்டாரா, எலும்பைப் பொருத்திய தகடு கழன்றுவிட்டதா, வேறு முறையில் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்ற கேள்விகள் அந்தக் குடும்பத்தை வதைக்கின்றன.

பெரும்பாலான நேரங்களில் இக்கேள்விகளுக்கான விடை அந்த ஓர் அறுவைக்குள் மட்டும் இல்லை. பதினேழு, பதினெட்டு ஆண்டுகளாக அந்த வாய்க்குள் சேர்ந்துவந்த தழும்புகளிலும், இடையில் செய்யப்பட்ட அல்லது செய்யாமல் விடப்பட்ட சிகிச்சைகளிலும் அதன் வேர் இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## பிளவும் அதைத் தொடரும் சிகிச்சைகளும்

கரு உருவான 4ஆம் வாரம் முதல் 7ஆம் வாரத்துக்குள் மேலுதடும், 6ஆம் வாரம் முதல் 9ஆம் வாரத்துக்குள் வாயின் மேற்கூரையும் உருவாகின்றன. இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்துவரும் திசுக்கள் நடுவில் சேர வேண்டும். சேராமல் நின்றுவிட்டால் அந்த இடம் பிளவாகிறது. உதட்டில் மட்டும் இருக்கலாம், அண்ணத்தில் மட்டும் இருக்கலாம், அல்லது உதட்டில் தொடங்கிப் பல் முளைக்கும் எலும்பையும் கடந்து உள்நாக்கு வரை நீளலாம். மருத்துவமனைப் பலகைகளில் ‘அன்னப் பிளவு’ என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். வாயின் மேற்கூரைக்குத் தமிழில் உள்ள பெயர் அண்ணம் என்பதே. உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவோடு பிறக்கிறது.

முழுப் பிளவு உள்ள குழந்தைக்குப் பொதுவாக நடக்கும் சிகிச்சைகளின் வரிசை இது:

1. மூன்று முதல் ஆறு மாதத்தில் உதட்டைத் தைத்து இணைத்தல்.
2. ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள் அண்ணத்தை மூடுதல். குழந்தை சொற்களைப் பேசப் பழகும் முன் இது முடிந்தாக வேண்டும்.
3. எட்டு முதல் பதினொரு வயதுக்குள், பிளவுபட்ட பல்லெலும்பில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகள்களை நிரப்புதல். நிரந்தரக் கோரைப்பல் அந்த இடத்தில் முளைத்துவரும் முன் செய்வது நல்லது.
4. பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டுதல்.
5. வளர்ச்சி முடிந்தபின், தேவைப்பட்டால், தாடை அறுவை. பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வயதும் ஆண்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதும் வழக்கமான காலம்.

இந்தக் கட்டுரை ஐந்தாவது கட்டத்தைப் பற்றியது. ஆனாலும் முதல் மூன்றைப் புரிந்துகொள்ளாமல் ஐந்தாவதைப் புரிந்துகொள்ள முடியாது.

## மேல்தாடை ஏன் பின்தங்குகிறது: இலங்கை தந்த விடை

பிளவோடு பிறந்தவர்களின் மேல்தாடை பிறவியிலேயே வளரும் ஆற்றல் குறைந்ததா, அல்லது நாம் செய்யும் அறுவைகள்தாம் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றனவா என்பது நெடுநாள் விவாதம். பிளவோடு பிறந்து, அறுவையே செய்துகொள்ளாமல் பெரியவர்களானவர்களைப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். மேலை நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் அரிது. சிகிச்சை எட்டாமல் போன காரணத்தால் இலங்கையில் அத்தகையோர் பலர் இருந்தார்கள். 1980களில் லண்டன் பல் சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் தலைமையில் அங்கே நடந்த உதடு, அண்ணப் பிளவுத் திட்டம் அவர்களுக்குச் சிகிச்சை அளித்ததோடு அவர்களின் முக வளர்ச்சியையும் பதிவு செய்தது. 1990இல் மார்ஸும் ஹூஸ்டனும் வெளியிட்ட ஆய்வு மூன்று குழுக்களை ஒப்பிட்டது: எந்த அறுவையும் செய்துகொள்ளாதவர்கள், உதடு மட்டும் தைக்கப்பட்டவர்கள், உதடும் அண்ணமும் சிறுவயதிலேயே மூடப்பட்டவர்கள்.

முதல் குழுவினரின் மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. உதடு மட்டும் தைக்கப்பட்டவர்களிடமும் பெரிய குறை இல்லை. அண்ணமும் மூடப்பட்டவர்களிடம்தான் மேல்தாடை தெளிவாகப் பின்தங்கியிருந்தது. அண்ணத்தைத் திறந்து மூடும்போது உண்டாகும் தழும்பு, வளரும் எலும்பைப் பின்னாலிருந்து பிடித்து வைக்கிறது என்ற கருத்துக்கு இது வலுவான சான்றாயிற்று.

இதைப் படித்துவிட்டு, அண்ணத்தை மூடாமலே விட்டிருக்கலாமே என்று எண்ணுவது பெரும் தவறு. அதே இலங்கைத் திட்டத்தில், காலந்தாழ்ந்து அண்ணம் மூடப்பட்டவர்களின் பேச்சை ஆராய்ந்தபோது, சிறுவயதில் அமைந்துபோன பேச்சுக் கோளாறு பின்னாளைய அறுவையால் பெரிதும் திருந்தவில்லை என்பது தெரிந்தது. ஆக, பேச்சைக் காப்பாற்ற அண்ணத்தைச் சீக்கிரம் மூடியாக வேண்டும். மூடினால் மேல்தாடையின் வளர்ச்சியில் ஒரு பகுதியை இழக்க நேரலாம். தாடை அறுவைக்கு வரும் ஒவ்வோர் இளைஞரும் இளம்பெண்ணும், பேசுவதற்காகச் சிறுவயதில் கொடுத்த விலையைத் தம் முகத்தில் சுமந்து வருகிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

எத்தனை பேருக்குத் தாடை அறுவை தேவைப்படும் என்பது மையத்துக்கு மையம் மாறுகிறது. முழுப் பிளவு உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி காணப்படும் மதிப்பீடு. இதைவிடக் கூடுதலாகச் சொல்லும் மையங்களும் உண்டு.

## அறுவையில் நடப்பது என்ன

இதற்கு லெஃபோர்ட்-1 அறுவை என்று பெயர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் 1901இல், இறந்தவர்களின் தலைகளை மோதலுக்கு உட்படுத்தி, முக எலும்பு உடையும்போது எந்தக் கோடுகளில் உடைகிறது என்று கண்டறிந்தார். அக்கோடுகளில் மிகக் கீழே இருப்பது, மூக்குத் துளைகளின் அடிமட்டத்தில் தொடங்கிக் கன்ன எலும்பின் அடியாகப் பின்னால் செல்வது. விபத்தில் தானே உடையும் இந்தக் கோட்டில், அறுவை மருத்துவர் திட்டமிட்டு ரம்பத்தால் அறுக்கிறார். பற்களோடும் அண்ணத்தோடும் சேர்ந்த மேல்தாடைப் பகுதி மண்டையோட்டிலிருந்து விடுபட்டுக் கீழே இறங்கும். அதை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியம் தகடுகளாலும் திருகுகளாலும் பொருத்துகிறார்கள். வெட்டுகள் யாவும் வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் புதிய தழும்பு உண்டாவதில்லை.

எலும்பு அறுபட்டாலும் அது உயிரோடு இருப்பது, ஒட்டிக்கொண்டிருக்கும் அண்ணத்துச் சதையும் கன்னத்துச் சதையும் தரும் இரத்த ஓட்டத்தால்தான். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பெல் குரங்குகளில் செய்த ஆய்வுகளின் வழியாக இதை நிறுவியபின்தான் இந்த அறுவை அச்சமின்றிப் பரவியது. பிளவு உள்ளவர்களிடம் அண்ணத்துச் சதை ஏற்கெனவே தழும்பேறியது. சிறுவயது அறுவையில் அண்ணத்தின் இரத்தக் குழாய் பாதிக்கப்பட்டிருக்கவும் கூடும். இரு பக்கமும் பிளவு உள்ளவர்களிடம், முன்பற்களைத் தாங்கும் நடு எலும்பு உதட்டுப் பக்கத்துச் சதையை மட்டுமே நம்பியிருப்பதுண்டு. ஆகவே வெட்டு போடும் இடமே அங்கு மாறுகிறது. எலும்பை முழுமையாக விடுவித்துத் தாராளமாக நகர்த்த வேண்டும் என்பது ஒரு பக்கம். இரத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் காக்க வேண்டும் என்பது மறுபக்கம். பிளவு இல்லாதவருக்குச் செய்யும் அதே அறுவை இவர்களுக்குக் கடினமாவது இதனால்தான்.

## நிலைப்பு என்றால் என்ன, அதை எப்படி அளக்கிறார்கள்

அறுவை முடிந்தபோது மேல்தாடை இருந்த இடத்திலேயே காலப்போக்கிலும் இருந்தால் அது நிலைத்தது. பழைய இடத்தை நோக்கித் திரும்பினால் அது பின்னடைவு. மருத்துவர்கள் ரிலாப்ஸ் என்பார்கள். தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே படத்தை அறுவைக்கு முன்பும், அறுவை முடிந்த உடனேயும், ஆறு மாதத்திலும், ஓராண்டிலும் எடுத்து, மண்டையோட்டின் அடிப்பகுதியில் மாறாமல் இருக்கும் புள்ளிகளிலிருந்து மேல்தாடை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இப்போது சிடி ஸ்கேன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி முப்பரிமாணத்திலும் அளக்க முடிகிறது.

எலும்பின் நிலைப்பும் பல்லின் நிலைப்பும் வேறு வேறு. எலும்பு 2 மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தாலும், பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து அதை ஈடுசெய்துவிட்டால், கண்ணாடியில் பார்ப்பவருக்குக் கடி, அதாவது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம், சரியாகவே தெரியும். எலும்பு அசையாமல் இருந்து, கம்பியைக் கழற்றியபின் பற்கள் மட்டும் நகர்ந்து, எல்லாம் கெட்டுவிட்டதாகத் தோன்றுவதும் உண்டு. எனவே ‘திரும்பிப் போய்விட்டது’ என்று முடிவு கட்டும் முன், போனது எலும்பா பல்லா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மேல்தாடை வைத்த இடத்திலேயே இருக்க, கீழ்த்தாடை வளர்ந்து அதைத் தாண்டிப் போகலாம். வளர்ச்சி முற்றிலும் நிற்கும் முன் அறுவை செய்துகொண்ட பையன்களிடம் இதைப் பார்க்கலாம். இதைப் பின்னடைவு என்று சொல்வது சரியன்று. ஆனால் நோயாளியின் முகத்தில் விளைவு ஒன்றுதான்.

## பின்னடைவின் காரணங்கள்

பிளவு இல்லாதவர்களின் தாடை அறுவைகளை ஆராய்ந்து, எந்த நகர்வு நிலைக்கும், எது நிலைக்காது என்று அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிராஃபிட் குழுவினர் ஒரு வரிசை வகுத்தார்கள். மேல்தாடையை மேலே தூக்குவது மிக நன்றாக நிலைக்கும். முன்னே கொண்டுவருவதும் பெரும்பாலும் நிலைக்கும். கீழே இறக்குவது, அகலப்படுத்துவது ஆகிய இரண்டும் நிலைப்பதில் பின்தங்கியவை. பிளவு உள்ளவரின் மேல்தாடையோ பின்தங்கியிருப்பதோடு, பெரும்பாலும் உயரம் குறைந்தும் ஒடுங்கியும் இருக்கிறது. ஆகவே அவருக்கு முன்னே, கீழே, பக்கவாட்டில் என மூன்று நகர்வும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கலாம். மோசமாக நிலைக்கும் இரண்டும் அதில் சேர்ந்துவிடுகின்றன. இது முதல் சிக்கல். மற்றவை கீழே:

1. தழும்பின் இழுப்பு. அண்ணத்திலும், மேல்தாடையின் பின்புறத்திலும், இறுகிய மேலுதட்டிலும் உள்ள தழும்புத் திசு எளிதில் நீளாது. அறுவையின்போது கையால் இழுத்தால்தான் முன்னே வரும் அளவுக்குத் தாடை இறுக்கமாக இருந்தால், தகடு பொருத்தியபின்னும் அந்த இழுவிசை ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தின் ஹூகோ ஒப்வேகேசர் 1960களிலேயே வலியுறுத்தியது இதைத்தான்: எந்த இழுப்பும் இல்லாமல் தாடை தானே புதிய இடத்தில் அமரும் அளவுக்கு அதை முழுவதுமாக விடுவித்துவிட வேண்டும்.

2. எலும்புத் தொடர்பு குறைவு. தகடுகளைப் பொருத்தத் தடித்த எலும்பு உள்ள இடங்கள் இரண்டுதான்: மூக்குத் துளையின் ஓரம், கன்ன எலும்பின் அடித்தூண். பிளவின் பக்கத்தில் மூக்கோர எலும்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். தாடையை முன்னேயும் கீழேயும் கொண்டுவரும்போது வெட்டிய இரு எலும்பு விளிம்புகளுக்கிடையே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் எலும்பு ஊறி இறுகும் வரை முழுப் பாரத்தையும் தகடே தாங்க வேண்டும்.

3. ஒன்றாக இணையாத தாடை. பல்லெலும்பில் எலும்பு நிரப்பும் சிகிச்சை நடக்காமல் போயிருந்தால், மேல்தாடை இரண்டு துண்டாகவும், இருபக்கப் பிளவில் மூன்று துண்டாகவும் இருக்கும். ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் நகரக் கூடியது. எலும்பு நிரப்பப்பட்டு ஒரே துண்டாக ஆன தாடையை நகர்த்துவதும் நிலைக்கச் செய்வதும் எளிது. ஒன்பது வயதில் தவறவிட்ட ஒரு சிகிச்சை பதினெட்டு வயதில் இப்படித் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது.

4. பற்களின் பூட்டு. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தினால், அந்தப் பொருத்தமே தாடையைப் பிடித்து வைக்கும். பிளவு உள்ளவர்களிடம் முன்பல்லை அடுத்த பல் இல்லாமலிருப்பதும், சில பற்கள் வடிவம் கெட்டிருப்பதும் சாதாரணம். அறுவைக்கு முன் கம்பி சிகிச்சையைப் பொறுமையாக முடிக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் அழகு மட்டும் அன்று.

5. கடிக்கும் விசை. கீழே இறக்கிய மேல்தாடையை, மெல்லும் தசைகள் ஒவ்வொரு முறையும் மேலே தள்ளுகின்றன. அதனால்தான் முன்பின் திசையைவிட மேல்கீழ்த் திசையில் பின்னடைவு அதிகமாகக் காணப்படுகிறது.

6. தொண்டைச் சதை இணைப்பு. மூக்கொலிப் பேச்சைச் சரிசெய்யப் பின்தொண்டையிலிருந்து ஒரு சதைப் பட்டையை எடுத்து, அண்ணத்தின் எலும்பில்லாத பின்பகுதியான மெல்லண்ணத்தோடு தைத்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டை தாடையைப் பின்னால் கட்டிவைத்த கயிறு போல இழுக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆயினும், இதனால் பின்னடைவு கூடுகிறது என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை.

எவ்வளவு தூரம் நகர்த்துகிறோம் என்பது இவை எல்லாவற்றையும் பெருக்குகிறது. தூரம் கூடக் கூடத் தழும்பு இறுகுகிறது, எலும்பு இடைவெளி அகலுகிறது, தகட்டின் பாரம் ஏறுகிறது.

## சதவீதத்தை எப்படிப் படிப்பது

பிளவு உள்ளவர்களிடம், முன்னே நகர்த்திய தூரத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை திரும்பிவிடுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. சிலவற்றில் இதைவிடக் குறைவு, சிலவற்றில் கூடுதல். திரும்புவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நடந்துவிடுகிறது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

ஒருவருக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தி 1.5 மில்லிமீட்டர் திரும்பினால் பின்னடைவு 30 சதவீதம். இன்னொருவருக்கு 12 மில்லிமீட்டர் நகர்த்தி 3 மில்லிமீட்டர் திரும்பினால் 25 சதவீதம். சதவீதத்தில் முதலாமவர் நிலை மோசம். ஆனால் கடியையும் முகத்தையும் கெடுக்க வல்லது இரண்டாமவருடைய 3 மில்லிமீட்டர்தான். அதுபோலவே, பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு 1 மில்லிமீட்டரும் இருவருக்கு 5 மில்லிமீட்டரும் திரும்பினால் சராசரி 1.8 மில்லிமீட்டர். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட 1.8 நிகழவில்லை. மறு அறுவை தேவைப்படக்கூடிய அந்த இருவரைச் சராசரி மறைத்துவிடுகிறது. எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது சராசரி எவ்வளவு என்பதைவிட, எத்தனை பேருக்குக் கடி மீண்டும் தலைகீழாயிற்று, எத்தனை பேர் மீண்டும் அறுவை மேசைக்கு வந்தார்கள் என்பதே என்பது என் கருத்து.

அளவீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எக்ஸ்ரே படத்தில் மேல்தாடையின் முன்விளிம்பாகக் குறிக்கப்படும் புள்ளி, அறுவையின்போது எலும்பைச் செதுக்கினாலோ அங்கே எலும்பு ஒட்டு வைத்தாலோ இடம் மாறிவிடும். ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுவதற்கு, எந்தப் புள்ளியை அளந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

## மெல்ல இழுத்து நீட்டும் முறை

ஒரே நாளில் நகர்த்தினால் தழும்பு எதிர்க்கிறது என்றால், நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்த்தினால் என்ன? சைபீரியாவின் குர்கன் நகரில் 1950களில் கவ்ரீல் இலிசாரோவ் கால் எலும்புகளை நீட்டப் பயன்படுத்திய வழி இது. எலும்பை வெட்டிச் சில நாள் விட்டுவைத்து, பிறகு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கினால், இடைவெளியில் புதிய எலும்பு ஊறுகிறது. கூடவே தோலும் தசையும் நீள்கின்றன. இதை டிஸ்ட்ராக்‌ஷன் என்கிறார்கள். 1992இல் நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி கீழ்த்தாடையில் இதன் பயனை அறிவித்தார். 1997இல் சிகாகோவின் போலியும் ஃபிகேரோவாவும், மண்டையோட்டில் திருகிய வளையத்திலிருந்து கம்பிகளால் மேல்தாடையை முன்னே இழுக்கும் கருவியைப் பிளவு உள்ளவர்களுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள்.

இது பழைய முறையைவிட நன்றாக நிலைக்குமா? இதை முறைப்படி சோதித்தது ஹாங்காங் பல்கலைக்கழகம். 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை மேல்தாடையை முன்னே நகர்த்த வேண்டியிருந்த 47 பேரை, எந்த முறை யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான அறுவையும் மற்றவர்களுக்கு டிஸ்ட்ராக்‌ஷனும் செய்து, ஐந்து ஆண்டு வரை கவனித்தார்கள். வழக்கமான அறுவை பெற்றவர்களின் மேல்தாடை பின்னேயும் மேலேயும் திரும்பியது. டிஸ்ட்ராக்‌ஷன் பெற்றவர்களின் தாடை கூடுதலாக நிலைத்தது. பேச்சில் இரு முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் இந்தக் கேள்விக்கான எல்லாச் சான்றுகளையும் திரட்டிப் பார்த்தபோது, அதன் அளவுகோலுக்குத் தேறிய ஆய்வு இந்த ஒன்றுதான். அதிலிருந்து வந்த பல கட்டுரைகளைச் சேர்த்தும், சான்றின் தரம் மிகக் குறைவு என்றே அது மதிப்பிட்டது. 47 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எனவே ‘டிஸ்ட்ராக்‌ஷன் செய்தால் திரும்பவே திரும்பாது’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டியதில்லை. சான்று அந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவே.

அந்த முறைக்கும் விலை உண்டு. வெளியே தெரியும் கருவியானால் இரண்டு, மூன்று மாதங்கள் தலையில் வளையத்தோடு வாழ வேண்டும். உள்ளே பொருத்தும் கருவியானால் அதை அகற்ற இன்னோர் அறுவை வேண்டும். ஹாங்காங் ஆய்விலேயே, மூன்றாவது மாதத்தில் டிஸ்ட்ராக்‌ஷன் குழுவினரின் தன்மதிப்பு மற்றவர்களைவிடத் தாழ்ந்திருந்து, பிறகு தேறியது. பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இதைச் செய்யும்போது இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முன்னே கொண்டுவந்த மேல்தாடை அதன்பின் பெரிதாக முன்னோக்கி வளர்வதில்லை; கீழ்த்தாடை வளர்ந்துகொண்டே இருக்கும். பெரியவரானபின் மீண்டும் ஓர் அறுவை தேவைப்படக்கூடும்.

## நிலைப்புக்காகப் பேச்சை இழக்கலாமா

வல்லினத்துக்கு மார்பும் மெல்லினத்துக்கு மூக்கும் இடம் என்று தமிழ் இலக்கணம் பிரிக்கிறது. ‘ப’ என்று ஒலிக்க வாய்க்குள் காற்று அடைபட்டு அழுத்தம் கூட வேண்டும். அதற்கு மெல்லண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குச் செல்லும் வழியை மூட வேண்டும். மூடாவிட்டால் காற்று மூக்கில் கசிந்து, ‘பல்’ என்பது ‘மல்’ போல் கேட்கிறது.

மேல்தாடையை முன்னே நகர்த்தும்போது, அதன் பின்முனையில் தொங்கும் மெல்லண்ணமும் முன்னே போகிறது. தொண்டைச் சுவருக்கான தூரம் கூடுகிறது. பிளவு இல்லாதவர்களின் மெல்லண்ணம் நீண்டு அதை ஈடுகட்டிவிடும். தழும்பேறிய குறுகிய மெல்லண்ணத்துக்கு அந்த வசதி இல்லை. அறுவைக்கு முன்பே மூடலில் மயிரிழை அளவு தட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்குத்தான் இங்கே ஆபத்து மிகுதி. ஆகவே அறுவைக்கு முன் மூக்கு வழியே சிறு கேமரா செலுத்தி மூடலைப் பார்ப்பதும், பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீடும் தவிர்க்கக் கூடாதவை. முன்பற்கள் சரியான இடத்துக்கு வருவதால் ‘ச’ போன்ற ஒலிகள் திருத்தமாவதும் உண்டு என்பது இதன் நல்ல பக்கம்.

பின்னடைவை எதிர்பார்த்து வேண்டியதைவிட 2, 3 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னே வைப்பது பல மருத்துவர்களின் வழக்கம். நிலைப்புக்கு அது நல்லதுதான், ஆனால் அந்தக் கூடுதல் தூரம் மெல்லண்ணத்துக்கும் கூடுதல் தூரம். இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒன்று, மேல்தாடையைக் குறைவாக முன்னே நகர்த்திக் கீழ்த்தாடையைச் சற்றுப் பின்னே தள்ளுவது. முகம் ஏற்கெனவே தட்டையாக இருப்பவர்களுக்கு இது தோற்றத்தில் சிறிது இழப்பு. கழுத்தும் மூச்சுவழியும் குறுகாமலும் பார்க்க வேண்டும். இன்னொன்று, மேல்தாடையின் முன்பகுதியை மட்டும் வெட்டி, அண்ணத்தில் பொருத்திய திருகு கருவியால் மெல்ல முன்னே நீட்டுவது. பின்பகுதியும் மெல்லண்ணமும் இருந்த இடத்திலேயே இருப்பதால் பேச்சு பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. நீண்ட இடத்தில் புதிய எலும்பு கிடைப்பதால், நெருக்கமாக இருந்த பற்களுக்கும் இடம் உண்டாகிறது. இந்தியாவில் சில மையங்கள் இதை விரும்பிச் செய்கின்றன.

## திட்டமிடலும் பதினெட்டு வயது என்ற வரம்பும்

மேலே சொன்னவற்றிலிருந்து, நிலைப்பை அறுவை நாளன்று மட்டும் உண்டாக்க முடியாது என்பது தெரியும். பல்லெலும்பில் எலும்பு நிரப்புவது உரிய வயதில் நடந்திருக்க வேண்டும். கம்பி சிகிச்சை ஓராண்டுக்கு மேல் பொறுமையாக நடக்க வேண்டும். அறுவையில் விழும் இடைவெளியில், தேவைப்பட்டால், இடுப்பெலும்பிலிருந்து ஒட்டு வைக்க வேண்டும். அதன்பின் வாரக்கணக்கில் ரப்பர் வளையங்களைப் போட்டுக்கொள்ள வேண்டும், மென்மையான உணவையே உண்ண வேண்டும், மறுபரிசோதனைகளுக்கு வர வேண்டும். இவற்றில் எதையும் ஒரு நாள் முகாமில் செய்ய முடியாது.

நம் நாட்டில் தொண்டு நிறுவனங்களின் உதவியால் உதட்டையும் அண்ணத்தையும் மூடும் அறுவைகள் பெருமளவில் இலவசமாக நடக்கின்றன. அது பெரிய நன்மை. மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற சிறார் நலத் திட்டமும் தன் பட்டியலில் பிளவைச் சேர்த்திருக்கிறது. அத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு உரியது. ஆண்களின் கீழ்த்தாடை வளர்ச்சி நிற்பதோ அந்த வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். சீக்கிரம் அறுத்தால் கீழ்த்தாடை வளர்ந்து கடியைக் கெடுக்கும். காத்திருந்தால் திட்டத்தின் வயது கடந்துவிடும். இரண்டு வயது கூடுதலாக அனுமதித்தாலே தீரக்கூடிய இடர் இது என்பதால்தான் மனம் பொறுக்கவில்லை.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினான்கு, பதினைந்து வயதிலேயே பல் சீரமைப்பு மருத்துவரிடம் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, தாடை அறுவை தேவைப்படுமா, எந்த வயதில், எத்தனை மில்லிமீட்டர் நகர்வு எதிர்பார்க்கப்படுகிறது, பேச்சு மதிப்பீடு எப்போது என்பதை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். சிறுவயது அறுவைகளின் குறிப்புகளையும், குறிப்பாகத் தொண்டைச் சதை இணைப்பு செய்யப்பட்டதா என்ற விவரத்தையும், அதோடு சேர்த்து வைக்க வேண்டும். அறுவை முடிந்தபின் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் எடுக்க வேண்டிய படங்களை, கடி நன்றாகத்தான் தெரிகிறது என்ற காரணத்துக்காக விட்டுவிடக் கூடாது.